மறுமொழி: சட்டப் பிரச்சினையா, சட்டவினாவா?

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் நீதிமன்றச் செய்திகளுக்காக நம் குழு தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், 'கொஸ்டின் ஆஃப் லா'வுக்கு, அதாவது சட்டம் என்ன சொல்கிறது என்று நீதிமன்றம் விடை சொல்ல வேண்டிய கேள்விக்கு, 'சட்டப் பிரச்சினை' என்றே வைத்துக்கொள்ளலாம், புழக்கத்தில் இருக்கிற சொல்தானே என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தேக்கா வட்டாரத்தில் யாரிடமாவது "அவருக்கு ஏதோ சட்டப் பிரச்சினையாம்" என்று சொல்லிப் பாருங்கள். போலீஸ், கடன், விவாகரத்து, இந்த மூன்றில் ஒன்றுதான் அவர் நினைவுக்கு வரும். நீதிபதிகள் உட்கார்ந்து விடை சொல்ல வேண்டிய ஒன்று என்று தோன்றவே தோன்றாது. 'சட்டச் சிக்கல்' இன்னும் மோசம், அது மாட்டிக்கொண்டவருடைய சொல். அதனால் 'சட்டவினா' என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதலாம் என்பது என் பரிந்துரை.

இது வெறும் ஓசைக்காகச் சொல்வதில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றச் செய்தியைத் தமிழில் எழுதும்போது யார் வென்றார் என்பதும் நீதிமன்றம் என்ன விடை சொன்னது என்பதும் ஒன்றாகக் குழம்பிப்போகின்றன. ஹவ்காங் இடைத்தேர்தல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சி தன் நாடாளுமன்ற உறுப்பினரைக் கட்சியிலிருந்து நீக்கியதால் அந்த இடம் காலியானது. இடைத்தேர்தல் எப்போது என்று தெரியாத நிலையில், அந்தத் தொகுதியில் குடியிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி நீதிமன்றத்துக்குப் போனார். அதற்குள் மே மாதத்தில் தேர்தலும் நடந்து முடிந்துவிட்டது. ஆனாலும் வழக்கு நின்றுவிடவில்லை, காரணம் கேள்வி அப்படியே இருந்தது: காலியான இடத்துக்குத் தேர்தல் வைப்பதா வேண்டாமா என்பது முழுக்கப் பிரதமரின் விருப்பமா? அது பிரதமரின் முடிவுக்கு உட்பட்டது என்றது உயர் நீதிமன்றம். 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசமைப்பின் 49ஆம் பிரிவின்படி இடைத்தேர்தல் நடத்தியே ஆக வேண்டும், தேதியைப் பிரதமர் முடிவு செய்யலாம், ஆனால் நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும் என்றது. அதே தீர்ப்பில், தேர்தல்தான் நடந்துவிட்டதே, இனி வழக்கை நடத்த அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளுபடியும் செய்தது.

இப்போது தமிழில் தலைப்பு வையுங்கள். 'மேல்முறையீடு தள்ளுபடி' என்று போட்டால் அந்தப் பெண்மணி ஒன்றுமில்லாமல் திரும்பினார் என்றுதான் வாசகர் நினைப்பார். அவர் எழுப்பிய சட்டவினாவுக்கோ அவர் கேட்ட பக்கமே விடை கிடைத்தது, அதுவும் இனி வரப்போகும் எல்லாப் பிரதமர்களுக்கும் பொருந்தும் விடை. எவ்வளவு பெரிய விஷயம்! 'சட்டவினாவுக்கு விடை கிடைத்தது, மேல்முறையீடு தள்ளுபடியானது' என்று ஒரே வரியில் எழுத முடிந்தால் வாசகருக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். 'பிரச்சினை தீர்ந்தது' என்று எழுதினால் தெரியாது.

வினா என்றால் தேர்வுத்தாள் வாடை அடிக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். எனக்கு அந்த வாடை பிடித்தே இருக்கிறது. விடை சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லில் இருக்கிறது. 1994 வரை இந்த வினாக்களுக்குக் கடைசி விடை, மேல்முறையீடுகளைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சிலிலிருந்து வர முடிந்தது. அந்த ஆண்டு அந்த வழி முழுக்க அடைபட்டது, அதே ஆண்டிலேயே நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புகளையும் பிரிவி கவுன்சில் தீர்ப்புகளையும் தேவைப்பட்டால் விட்டு விலகலாம் என்று அறிவித்தது. அதாவது அதே வினா திரும்பி வரலாம், விடை மாறலாம்.

அப்புறம் இதன் ஜோடிச்சொல், 'கொஸ்டின் ஆஃப் ஃபேக்ட்', அதாவது என்ன நடந்தது என்ற கேள்வி. அதற்கு 'உண்மை வினா' வேண்டாம், உண்மையான வினா என்று படிப்பார்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தமிழில் 'பொருண்மை' உண்டு, ஆனால் இங்கே அதைக் கேட்டவர் குறைவு. நான் 'நிகழ்வுவினா' என்கிறேன். 2019இல் வந்த ஒரு போதைப்பொருள் தீர்ப்பை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். வேறொருவர் கொடுத்து வைத்த போதைப்பொருளை, குற்றம் சாட்டப்பட்டவர் கொடுத்தவரிடமே திருப்பித் தரத்தான் வைத்திருந்தாரா என்பது நிகழ்வுவினா. அப்படித்தான் வைத்திருந்தார் என்றால் அது கடத்தலாகுமா என்பது சட்டவினா. ஆகாது என்றது நீதிமன்றம், வைத்திருந்த குற்றம் தனி. உயிர் போகிற வழக்குகளில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைத் தமிழ் வாசகர் தெளிவாகப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு பிடிவாதம்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ற பெயர் குழப்புகிறதே, புதுப் பெயர் வேண்டாமா என்று இலங்கை நண்பர் கேட்டதற்குப் பதில்: உங்கள் ஊரில் 'உயர் நீதிமன்றம்' என்றால் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது, இங்கே அது மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கீழே. உங்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் மலேசியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் மேலே இன்னொரு நீதிமன்றம் உண்டு, இங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் கடைசி. போதாக்குறைக்கு 2021இலிருந்து உயர் நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு மேல்முறையீட்டுப் பிரிவும் வந்துவிட்டது. ஆகவே செய்தியில் முதல்முறை வரும்போது 'நாட்டின் ஆக உயரிய நீதிமன்றமான' என்று ஒட்டு சேர்ப்பதே வழி, புதுப் பெயர் தேவையில்லை.

கடைசியாக, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடிந்தபின் ஒரு சட்டவினாவை மட்டும் மேலே அனுப்பும் வழி இது. ஆங்கிலத்தில் 'கிரிமினல் ரெஃபரன்ஸ்' எனப்படும் இதைக் 'குற்றவியல் குறிப்பு' என்று அக்கா மொழிபெயர்த்திருந்தார், அது ஏதோ பாடக்குறிப்பு போல இருக்கிறது. 'வினா மேலனுப்பு' என்று நேராகச் சொல்லிவிடலாம். மேலனுப்பப்படும் வினா ஒருவருடைய வழக்கோடு முடிகிறதாக இருக்கக்கூடாது, பொதுமக்களுக்கு அக்கறையுள்ளதாக இருக்க வேண்டும். அரசுத் தரப்பு அனுப்பினால் முன் அனுமதி வேண்டாம், மற்றவர்களுக்கு வேண்டும். இந்த 'பப்ளிக் இன்ட்ரஸ்ட்'டைப் 'பொதுநலன்' என்று எழுதினால் தமிழ்நாட்டுப் பொதுநல வழக்கோடு கலந்துவிடும். 'பொது அக்கறைச் சட்டவினா' எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் வாயில் சற்றுத் தடுக்குகிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். 'சட்டவினா'வையும் 'நிகழ்வுவினா'வையும் இந்த வாரமே பட்டியலில் சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

அன்புடன்.