பழைய ஓய்வூதியம் வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள் (2024 செப்டம்பரில் நடந்த உரையாடல்)

ஆரணி ஆசிரியை:
நான் 2009இல் பணியில் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியை. புதிய ஓய்வூதியத் திட்டத்துக்காக என் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் மாதந்தோறும் பிடித்தம். 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்தில் இருப்பதால் அவர்களுக்கு ஓய்வூதியத்துக்கென்று பிடித்தமே கிடையாது. ஒரே பள்ளி, ஒரே வேலை. 2021 தேர்தலில் பழைய திட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக தி.மு.க.வினர் வாக்குறுதி தந்தார்கள். 2024 ஆகஸ்ட் 24ஆம் தேதி மத்திய அரசே தன் ஊழியர்களுக்கு 50 சதவீத உறுதி ஓய்வூதியத்தை அறிவித்துவிட்டது. ஆனாலும் இந்தப் பேச்சை எடுத்தாலே சொந்தக்காரர்கள்கூட முகம் சுளிக்கிறார்கள். ஏன் என்று யாராவது விளக்க வேண்டும்.

கணபதி பட்டறைக்காரர்:
டீச்சர், அந்தச் சொந்தக்காரர்கள் பக்கம்தான் நானும். கோவை கணபதியில் பம்புசெட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். 26 பேர் வேலை செய்கிறார்கள். என்னிடம் 22 ஆண்டுகள் டர்னராக (கடைசல் வேலை செய்பவராக) இருந்தவர் சென்ற ஆண்டு 58 வயதில் நின்றார். வருங்கால வைப்புநிதி அலுவலகத்திலிருந்து அவருக்கு வரும் ஓய்வூதியம் 4,000 ரூபாயைத் தொடவில்லை. அதில் அகவிலைப்படி கிடையாது. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அதே தொகைதான்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 என்றால் பழைய திட்டத்தில் பாதி, 30,000. 2024இன் 50 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 45,000. ஆண்டுக்கு இரண்டு முறை அது உயரும். உங்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. நீங்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. என் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். அவளுக்குக் கணக்கைப் புரியவைத்த ஆசிரியரை இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் அந்த 45,000 எங்கிருந்து வரும்? என் டர்னர் வாங்கும் சோப்பிலும் பெட்ரோலிலும் உள்ள வரியிலிருந்து வரும், போதாவிட்டால் கடன். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழக அரசின் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020இல் 59 ஆக்கி, அடுத்த ஆண்டே 60 ஆக்கினார்கள். ஓய்வுபெறுவோருக்குக் கொடுக்கப் பணமில்லாத அரசு செய்கிற வேலையாகத்தான் அதை நான் பார்க்கிறேன்.

இன்னொன்று. என் பட்டறையில் சங்கம் போனஸ் கேட்கும்போது எதிரில் உட்காருவது நான், கொடுப்பது என் பணம். தாங்காத அளவுக்குக் கேட்டால் ஷட்டரை இறக்கவேண்டியதுதான் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் ஓர் இடத்தில் பேச்சு முடிந்துவிடும். அரசு ஊழியர் சங்கத்துக்கு எதிரில் உட்காரும் அமைச்சர் கொடுப்பது சொந்தப் பணமில்லை. கேட்பவர்களின் ஓட்டும் அவருக்கு வேண்டும். அதற்கான பணத்தைக் கட்டவேண்டிய நாள் வரும்போது அவர் பதவியிலேயே இருக்கமாட்டார். என் டர்னருக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
பட்டறைக்காரர் ஐயாவுக்கு, 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தமிழக அரசால் வேலை பறிக்கப்பட்ட ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர், ஆசிரியர்களில் நானும் ஒருவன். 2ஆம் தேதி வேலைநிறுத்தம், 4ஆம் தேதி எங்களை நீக்க அவசரச் சட்டம். விசாரணை கிடையாது, விளக்கம் கேட்கவில்லை. என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. உச்ச நீதிமன்றம் வரை போய், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டுத்தான் வேலைக்குத் திரும்பினேன். வேலைநிறுத்தம் செய்ய எங்களுக்கு உரிமையே இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பும் வந்தது. சங்கம் மட்டும் இல்லாவிட்டால் எங்களை யார் கேட்டிருப்பார்கள்? புதிய திட்டத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கிறதே தவிர, மாத ஓய்வூதியம் ஒரு ரூபாய்கூட இல்லை. உங்கள் டர்னருக்கு 4,000ஆவது வருகிறது.

கணபதி பட்டறைக்காரர்:
ஐயா, 2003இல் உங்களுக்கு நடந்தது அநியாயம். அன்று நான் அதை ஆதரித்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சட்டத்தையும் நடைமுறையையும் காக்க வேண்டிய அரசு, விசாரிக்காமல் ஒரே இரவில் வேலையைப் பறித்தால், என்னைப் போல் ஒழுங்கு வேண்டும் என்கிறவன்தான் முதலில் எதிர்த்திருக்க வேண்டும். மாத ஓய்வூதியம் பற்றி நீங்கள் சொல்வதும் சரி. பணியாளரிடம் 10 சதவீதம் பிடித்துவிட்டு, முதுமையில் மாதாமாதம் ஒன்றும் தராமல் இருப்பது தவறு.

ஆனால் அதற்கு மருந்து பழைய திட்டமா? டீச்சர் சொன்ன மத்திய அரசின் திட்டத்திலும் ஊழியர் 10 சதவீதம் கட்டியே தீரவேண்டும், அரசு 18.5 சதவீதம் போடும். 25 ஆண்டு வேலை செய்தவருக்குத்தான் முழு 50 சதவீதம். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வந்தால் நான் எதிர்க்கமாட்டேன். பிடித்தம் தொடரட்டும், அரசின் பங்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனிச் செலவுக் கணக்காக வரட்டும், அந்தப் பணம் வேறு செலவுக்குப் போகாமல் தனி நிதியில் இருக்கட்டும். பிடித்தமே இல்லாமல் கொடு என்றால் மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆரணி ஆசிரியை:
பிடித்தம் தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை ஐயா. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் என்னை உட்காரச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் வரும் சனிக்கிழமை சொல்லப்போகிறேன்.