தங்கையைக் காலேஜில் சேர்க்க வேண்டும்: ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை இப்போதே கொடுக்கலாமா?

மொரப்பூர் அக்கா:

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மொரப்பூர் பக்கம். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான், தமிழ் மீடியம். 600-க்கு 478. தமிழ் 91, இங்கிலீஷ் 75, மீதி நான்கு பாடங்களும் சேர்த்து 312. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன்.

ரிசல்ட் வந்ததுமே ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஐயாயிரம் அட்வான்ஸ், கூடவே ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் டிசியும் கொடுத்தால் சீட் உறுதி, பஸ் தெருமுனைக்கே வரும் என்கிறார். பஸ் என்றதும் அப்பா சாய்ந்துவிட்டார். தங்கைக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ஆசை. அரூர், தருமபுரி, காரிமங்கலம் மூன்று அரசுக் கல்லூரிகளுக்கும் ஆன்லைனில் போட்டிருக்கிறோம். "அங்கே சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு, காத்திருந்தால் இதுவும் போய்விடும்" என்று அந்த ஆள் பயமுறுத்துகிறார். முதல் பட்டதாரிச் சான்று வாங்கிவிட்டால் அவர்கள் காலேஜில் ஃபீஸே கிடையாதாம். உண்மையா? எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம். கலந்தாய்வு அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால் தங்கைக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

இ-சேவை அண்ணன்:

ஃபீஸ் கிடையாது என்பது இந்தப் படிப்புக்குப் பொருந்தாது. முதல் பட்டதாரிச் சலுகை இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்பில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்கு. தனியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர அதைக் காட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இன்றைக்கே புதிதாக ஆன்லைனில் போடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று கைமாறி வர நாளாகும், ஜூனில் கூட்டம் வேறு. ஆதாரிலும் மார்க்‌ஷீட்டிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம், அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? கட்டணம் 48, பதிவுக்கு 2, ஆக 50 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. என்றால் அந்த 2 ரூபாய் மட்டும். 500 வாங்குகிற கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற சூப்பிரண்டு:

அம்மா, நான் அரசுக் கலைக் கல்லூரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அட்மிஷன் வேலை பல வருடம் பார்த்திருக்கிறேன்.

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்திருக்கிறது. டிசி விஷயம் வேறு. அதைச் சேருகிற இடத்தில் கொடுத்தே ஆக வேண்டும், அதனால்தான் அந்த ஆள் இப்போதே கேட்கிறார். டிசி அங்கே போய்விட்டால் உங்கள் தங்கை கலந்தாய்வுக்கு வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். அரசுக் கல்லூரிக்காக வீடு தேடி வந்து பேச ஆள் கிடையாது. பாதிப் பிள்ளைகள் அதனாலேயே கைநழுவிப் போகிறார்கள்.

இப்போது மார்க்குக்கு வருவோம். எல்லாரும் 478, 478 என்பார்கள். கல்லூரி அதைப் பார்க்காது. மொழிப் பாடம் இரண்டையும் விட்டுவிட்டு 400-க்கு எவ்வளவு என்று பார்த்து ஒரு தரவரிசை, அதில் உங்கள் தங்கைக்கு 312. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை மட்டும் வைத்துத் தனிப் பட்டியல், ஆங்கிலத்துக்கும் அப்படியே. தமிழ்ப் பட்டியலில் 91 நல்ல இடம். கெமிஸ்ட்ரி கை விட்டாலும் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அவளுக்கு அதில் விருப்பம் இருந்தால்தான் சொல்கிறேன், சீட்டுக்காகத் தமிழ் படிக்கச் சொல்லவில்லை.

கலந்தாய்வு அன்றைக்கு முதலில் சிறப்புப் பிரிவு: மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு, முன்னாள் படைவீரர் பிள்ளைகள், என்.சி.சி. பொதுக் கலந்தாய்வு அப்புறம்தான். ரேங்க் வரிசைப்படி கூப்பிடுவார்கள். எந்தத் துறையில், எந்த இட ஒதுக்கீட்டில் எத்தனை இடம் மிச்சம் என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலில் காலியாகும். பிசிக்ஸ், மேத்ஸ் கடைசிவரை இருப்பதையும் பார்த்திருக்கிறேன். மேஜை முன்னால் போய் நின்று "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் பின்னால் இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். கெமிஸ்ட்ரி இல்லையென்றால் அடுத்து எது, அதுவும் இல்லையென்றால் எது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு அனுப்புங்கள்.

பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ மார்க்‌ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கி பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ. எல்லாவற்றுக்கும் நாலைந்து செட் ஜெராக்ஸ். தமிழ் வழியில் படித்ததற்கான சான்றையும் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். மாநில அரசு வேலையில் தமிழ் வழிக்கு 20 சதவீதம் முன்னுரிமை உண்டு, அப்போது தேடி அலைய வேண்டியிருக்காது.

கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம்:

அக்கா, நானும் எங்கள் வீட்டில் முதல் ஆள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்த பிறகு கல்லூரி மூலமாகப் பதிவு செய்வார்கள். உங்கள் தங்கை பெயரில் கணக்கு இருக்க வேண்டும், அதில் ஆதார் இணைத்திருக்க வேண்டும். என் வகுப்பில் ஒருத்திக்கு ஆதார் இணைக்காததால் பணம் நின்று, அவள் பேங்குக்கு நடையாய் நடந்தாள்.

பஸ்ஸுக்கு அப்பா கவலைப்பட வேண்டாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தினமும் போய்வர முடியாத தூரமென்றால் அரசு விடுதி கேட்டுப் பாருங்கள். பையன்களுக்கு வீடு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு, நமக்குக் கிடையாது. சேர்ந்ததும் விடுதிக் காப்பாளரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப் போட்டால் இடம் நிரம்பிவிடும். முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி கொஞ்சம் மிரட்டும். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து அழுதவர்களில் நானும் உண்டு. லேப் ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது.

மொரப்பூர் அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அட்வான்ஸ் கொடுக்கவில்லை, அப்பாவிடம் போனில் பேசிவிட்டேன், முனகுகிறார். இன்னொரு சிக்கல். அரூரிலும் தருமபுரியிலும் ஒரே நாளில் கலந்தாய்வு வந்திருக்கிறது. அரூரில் அவள் ரேங்க் முன்னால் இருக்கிறது, தருமபுரியில் ரொம்பப் பின்னால். அம்மா ஒன்றுக்கும் தங்கை ஒன்றுக்கும் போகலாமா?

ஓய்வுபெற்ற சூப்பிரண்டு:

முடியாதம்மா, பிள்ளை நேரில் வர வேண்டும். ரேங்க் முன்னால் இருக்கிற அரூருக்கே போகட்டும். தருமபுரி பெரிய கல்லூரிதான், ஆனால் அங்கே கடைசியில் நின்று கிடைக்கிற ஏதோ ஒரு துறையைவிட இங்கே கெமிஸ்ட்ரி மேல். அப்பாவையும் கூட அனுப்புங்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிள்ளை திகைத்துவிடும். ஒன்பது மணிக்குள் போய்விடட்டும். பெயரைக் கூப்பிட மதியம்கூட ஆகலாம், சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கிடைத்துவிட்டால் கட்டணத்தை அங்கேயே கட்டச் சொல்வார்கள். அரசுக் கல்லூரியில் அது சில ஆயிரத்துக்குள்தான், ஆனால் பணம் கையில் இருக்க வேண்டும். அட்வான்ஸுக்கு வைத்திருந்த ஐயாயிரத்தை அப்பா சட்டைப் பையில் போட்டு அனுப்பிவிடுங்கள்.