கரண்டி பிடிக்கத் தெரியாதவர்கள் வீடு கட்டப் போகலாமா?

தாம்பரத்துக்காரி:
பொங்கல் கழிந்து எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு குழுவாக வேதாரண்யம் பக்கம் போகிறோம். அரசு வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் வந்தும் வேலையை முடிக்க முடியாமல் நிற்கும் குடும்பங்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு கைகொடுக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உடலுழைப்பு. எங்களில் ஒருவரும் கொத்தனார் கரண்டியைத் தொட்டதில்லை. "ரயில் டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் ஆகிற காசை அனுப்பிவிட்டால் அவர்களே சித்தாள் வைத்துக்கொள்வார்களே" என்கிறார் அப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போகலாமா?

தஞ்சைப் பொறியாளர்:
அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். மொத்தமாகத் தருவதில்லை, வேலை ஏற ஏறத்தான் தவணை வரும். அதுவரை கைக்காசு போட வேண்டும். கைக்காசு இல்லாத வீடுதான் சுவர் எழும்பாமல் பேஸ்மட்டத்தோடு நிற்கிறது.

ஓய்வுபெற்ற மேஸ்திரி:
வாருங்கள் அம்மா. ஆனால் சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

2018 கஜா புயலுக்குப் பிறகு நான் கட்டிய வீடுகளுக்கு உங்களைப் போன்ற பிள்ளைகள் நிறைய வந்தார்கள். ஆசையாகக் கல் வைப்பார்கள். நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் சுவர் சாய்ந்திருக்கும். சாய்வைப் பூச்சில்தான் மறைக்க வேண்டும், அதற்கு ஆகிற சிமென்ட் வீட்டுக்காரர் தலையில் விடியும். உங்கள் எதிரே யாரும் முகம் கோணமாட்டார்கள். சாய்வு மறைக்க முடியாத அளவுக்கு இருந்தால், டீ கொடுத்து வழியனுப்பிவிட்டுப் பிரித்துக் கட்டுவார்கள்.

உங்களுக்கான வேலை தரைக்குள் இருக்கிறது. எங்கள் பக்கம் தாழ்வான பூமி, மழைக்குத் தண்ணீர் நிற்கும். பேஸ்மட்டத்தை உயர்த்தியே ஆக வேண்டும். டிராக்டர் சந்துக்குள் நுழையாது, தெருமுனையில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கைமாற்றிக் கைமாற்றிச் சட்டியில் உள்ளே கொண்டுவர வரிசையாக ஆள் வேண்டும். கொண்டுவந்ததையும் ஒரேயடியாகக் கொட்டி மூடக் கூடாது. அரையடி நிரப்பு, தண்ணீர் விடு, திமிசுக்கட்டையால் இடி, பிறகு அடுத்த அரையடி. கூலி மிச்சம் பிடிக்க முதலில் கைவிடப்படுவது இந்த இடிப்புதான். இரண்டு மழை போனால் தரை அமுங்கி வெடிக்கும்.

இன்னொன்று, தண்ணீர். கூரைக்குக் கான்கிரீட் தளம் போட்டால் மேலே பாத்தி கட்டிப் பத்து நாளாவது தண்ணீர் நிறுத்த வேண்டும். கடலோரத்தில் கிணறெல்லாம் உப்பு. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் கம்பி துருவேறும், சில வருடத்தில் தளத்தின் அடிப்பகுதி பெயர்ந்து விழும். நல்ல தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். அந்தக் காசை மதிப்பீட்டில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அப்பா பணம் அனுப்பத்தான் வேண்டும் என்றால் தண்ணீருக்கென்று சொல்லி அனுப்பட்டும்.

வீட்டுக்காரி:
எங்கள் வீட்டுக்கும் இப்படி வந்தார்கள். தங்கமான பிள்ளைகள்தான். ஆனால் என்னையும் மாமியாரையும் நாற்காலி போட்டு நிழலில் உட்காரவைத்துவிட்டு அவர்களே மண் சுமந்தார்கள். சொந்த வீட்டு வேலையில் விருந்தாளி மாதிரி உட்கார எங்களுக்குக் கூச்சமாகிவிட்டது. வீட்டு ஆட்களையும் வரிசையில் நிறுத்துங்கள். சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கி வராதீர்கள். அரிசி பருப்பு கொடுங்கள், நாங்கள் பொங்கிப் போடுகிறோம்.

ஒரு பையன் மட்டும் மண் சுமக்கவில்லை. ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி என் பெயர் இருந்ததால் தவணை ஏறாமல் கிடந்தது. அவன் என்னோடு வங்கிக்கு நடையாக நடந்து அதைச் சரிசெய்து கொடுத்தான். எங்கள் வீட்டுக்குத் தளம் ஏறியது அவனால்தான்.

தஞ்சைப் பொறியாளர்:
கூச்சம் பற்றி இவர் சொன்னதைக் கவனியுங்கள். 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' அமைப்பில், வீடு பெறும் குடும்பமும் தன் உழைப்பைப் பங்காகத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006-இல் மகாராஷ்டிராவின் லோனாவாலா அருகே வந்து கட்டியபோதும் வீட்டுக்காரர்களோடு சேர்ந்துதான் வேலை செய்தார். அப்போது அவருக்கு 82 வயது!

தாம்பரத்துக்காரி:
தண்ணீர்க் காசுக்கு அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். வங்கி விவகாரம் தெரிந்த ஒருவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார். திமிசுக்கட்டை அங்கே கிடைக்குமா?

ஓய்வுபெற்ற மேஸ்திரி:
கட்டை நான் தருகிறேன். ரப்பர் கையுறை கொண்டுவாருங்கள், துணிக் கையுறை சிமென்ட் ஈரத்துக்கு ஆகாது, விரல் வெந்துபோகும். காலை ஆறரைக்கே தொடங்கிவிடுவோம், பத்து மணிக்கு மேல் உங்களுக்கு வெயில் தாங்காது.