டெக்சாஸ்: கடை வரிசையில் இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர். சட்டம் அனுமதிக்கிறதா?

கேள்வி (ஹூஸ்டன் புதியவன்):
எச்-1பி வேலை விசாவில் அண்மையில்தான் வந்தேன். நேற்று மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் இடுப்பு உறையில் கைத்துப்பாக்கி. சீருடை இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கு உரிமம் வேண்டாமா? நான் 911-ஐ (அவசர உதவி எண்) அழைத்திருக்க வேண்டுமா?

பதில் (பழைய டெக்சாஸ்வாசி):
வேண்டாம். உறைக்குள் இருக்கும்வரை அது குற்றமில்லை. 2016 ஜனவரி 1 முதல் உரிமம் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, சட்டத் தடை எதுவும் இல்லாதவருக்கு அந்த உரிமமும் வேண்டாம் என்றாகிவிட்டது. ரைஃபிள் (நீளத் துப்பாக்கி) கதை இன்னும் வேடிக்கை: கைத்துப்பாக்கியை மறைத்தே வைக்க வேண்டியிருந்த காலத்திலும் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கத் தடையில்லை. அந்த நியாயம் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கடைக்காரர் மறுக்கலாம். வாசலில் 30.07 என்ற சட்டப் பிரிவு எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அறிவிப்பு இருந்தால், வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தியவர் உள்ளே வரக் கூடாது. 30.06 மறைத்து வைத்திருப்பவருக்கு. சிவப்பில் பெரிதாக 51% என்றிருந்தால், வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வரும் இடம்; அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை. உறையிலிருந்து உருவினாலோ மிரட்டினாலோ முதலில் வெளியேறுங்கள், பிறகு 911.

பதில் (டாலஸ் குடிமகன்):
நானும் வைத்திருக்கிறேன், ஆனால் சட்டைக்குள். வெளியே காட்டினால் திருடன் முதலில் குறிவைப்பது என்னைத்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சனிக்கிழமை அலுவலக நண்பர்கள் சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைக்கிறார்கள். வாடகைத் துப்பாக்கிதானாம்.

பதில் (பழைய டெக்சாஸ்வாசி):
அந்த ஆளின் இடுப்பை விடுங்கள், உங்கள் கையைப் பாருங்கள். டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். குடியுரிமைக் கனவும் அதோடு போய்விடும். வாடகைத் துப்பாக்கியைச் சில நிமிடம் பிடித்தாலும் வழக்குக்கு இடமுண்டு. கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை; உங்கள் நண்பர்கள் இவ்வளவு சாதாரணமாகக் கூப்பிடுவது அதனால் இருக்கலாம்.

விதிவிலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதை வாங்கி, குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சுடுங்கள். சனிக்கிழமைக்குள் முடியாது என்றால் சுடும் இடத்தைப் பிரிக்கும் கண்ணாடிக்கு வெளியே நின்று நண்பர்களைப் படமெடுங்கள்.