2015 டீசல் 7 சீட்டர் வாங்கலாமா? கிளட்ச் விடும்போது உதறுது, ஸ்பீட் பிரேக்கர்ல டொக் டொக்னு சத்தம், கொஞ்சம் உதவி பண்ணுங்க

மலைக்கோட்டை_77:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஆறு பேரு, அப்பா அம்மா, நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் பஸ்ல ஏத்தி எறக்க முடியல, அதான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு 7 சீட்டர் பாத்துட்டு இருக்கேன். பட்ஜெட் அஞ்சரை லட்சம், அதுல பாதி நகைக்கடன், அதனால தப்பாயிடக் கூடாதுன்னு ரொம்ப பயமா இருக்கு.

நேத்து சாயங்காலம் ஸ்ரீரங்கத்துல ஒரு வண்டி பாத்தேன். 2015 மாடல், டீசல், ஒரே ஓனர், பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, 1,18,000 கிலோமீட்டர். கம்பெனி பேரு வேணாம். ஓட்டி பாத்ததுல ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச் விடும்போது வண்டி மொத்தமும் உதறுது, நகந்துட்டா சரியாயிடுது. ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்கும்போது முன்னாடி இடது பக்கம் டொக் டொக்னு சத்தம். மூணாவது கியர்ல நல்லா மிதிச்சா பின்னாடி கருப்பு புகை. மத்தபடி டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குது, ஏசி நல்லா ஜில்லுனு இருக்கு. இதெல்லாம் பெரிய செலவா, இல்ல விலைய கொறச்சு கேட்டு வாங்கிடலாமா?

ரெண்டு_சக்கரம்_போதும்:
ப்ரோ ஒரே ஓனர்னா யோசிக்காம எடுங்க, பத்து வருஷ வண்டில சத்தம் வரத்தான் செய்யும்.

கொங்கு_ஸ்பேனர்:
தம்பி, எடுத்துருங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் கேக்கணுங்க. நான் 22 வருசமா டீசல் வண்டிதான் பாக்குறேன். நீங்க போனப்ப எஞ்சின் சூடா இருந்துச்சா, ஆறி இருந்துச்சா? கூலன்ட் (எஞ்சின ஆற வைக்கிற தண்ணி) டப்பாவ பாத்தீங்களா?

நீங்க சொன்ன மூணையும் முதல்ல சொல்லிடறேன். டொக் டொக் சத்தத்துக்கு பயப்பட வேண்டாங்க, முன் சக்கரத்துக்கிட்ட இருக்கிற சஸ்பென்ஷன் சாமான், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் இதுல ஏதாவது ஒண்ணாத்தான் இருக்கும், எல்லாம் சில ஆயிரத்துல முடியற வேலை. ஜாக்கி போட்டு சக்கரத்த தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டி பாருங்க, ஆட்டம் இருந்தா பால் ஜாயின்ட் இல்லீன்னா பேரிங். பக்கவாட்டுல புடிச்சு ஆட்டும்போது ஆடுச்சுன்னா டை ராடு எண்டு, இல்ல ஸ்டீரிங் ரேக். ரேக்னா மட்டும் செலவு கூடும். கருப்பு புகைக்கு ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், இஜிஆர்ல (புகைல கொஞ்சத்த திரும்ப எஞ்சினுக்கே அனுப்பற வால்வு) கரி புடிச்சிருக்கலாம், டர்போவுல இருந்து போற ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம், டீசல பீச்சற இன்ஜெக்டராவும் இருக்கலாம். டிபிஎஃப் (புகைல வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்) இல்லாத பழைய டீசல்ல அமுக்கி மிதிச்சா கொஞ்சம் கருப்பு வரும், அது தப்பில்ல. ஆனா நீலமா வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம், அங்கயே விட்டுட்டு வந்துருங்க.

உதறலுக்குத்தான் நிதானமா பாக்கணும். பானெட்ட தொறந்து வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருத்தர் ஃபர்ஸ்ட் கியர்ல மெல்ல கிளட்ச் விடட்டும், நீங்க முன்னாடி நிக்காம ஓரமா நின்னு எஞ்சினையே பாருங்க. எஞ்சின் ஒரு பக்கமா எகிறி எந்திரிச்சா எஞ்சின் மவுன்ட் (எஞ்சின தாங்கற ரப்பர்) போச்சு, அது சின்ன செலவு. எஞ்சின் அசையாம வண்டி மட்டும் உதறுச்சுன்னா கிளட்ச் பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, இல்லீன்னா டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவுல உதறல வாங்கிக்கற கனமான சக்கரம்). அது இருக்கிற வண்டியா இருந்து அதுவும் போயிருந்துச்சுன்னா கிளட்சோட சேத்து நாப்பதாயிரம் எடுத்து வச்சுக்கோங்க. கீழ படுத்து எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ற எடத்துல ஆயில் சொட்டு இருக்கான்னு பாருங்க, பின்னாடி ஆயில் சீல் ஒழுகி கிளட்ச் பிளேட்டுல பட்டாலும் இதே உதறல்தான்.

மலைக்கோட்டை_77:
ரொம்ப நன்றிண்ணே. எஞ்சின் சூடாத்தான் இருந்துச்சு, அப்பத்தான் டீசல் போட்டுட்டு வந்தேன்னு சொன்னாரு. டப்பாவ வெளிய இருந்து பாத்தேன், உள்ள செம்மண் தண்ணி மாதிரி ஒரு கலரு. பச்சையாவோ சிவப்பாவோ இல்ல.

முத்துநகர்_பயணி:
நான் தூத்துக்குடி. வெள்ளத்துல நின்ன வண்டியான்னும் பாத்துருங்கண்ணே. 2023 டிசம்பர் மழைல எங்க ஊர்ல எத்தனையோ வண்டி சீட்டு வரைக்கும் தண்ணில நின்னுச்சு, அதுல பல வண்டிய கழுவி காய வச்சு வெளியூருக்கு வித்துட்டாங்க. எங்க மாமா அப்படி ஒண்ண வாங்கிட்டு எட்டு மாசமா வயரிங்க்கு அழுதுட்டு இருக்காரு, இன்னைக்கு பவர் விண்டோ, நாளைக்கு ஏபிஎஸ் லைட்டு, அடுத்த வாரம் வண்டி நடுரோட்ல ஆஃப். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, அடில இருக்கிற ஒரு முழத்த யாரும் கழுவ மாட்டாங்க, அங்க சேறு புடிச்ச கோடு அப்படியே இருக்கும். சீட்டு முன்ன பின்ன நகர்ற கம்பில துரு, ஸ்டெப்னிக்கு அடில மண்ணு, ஃப்ளோர் மேட்ட தூக்குனா ஒரு புழுங்குன வாசன, இதெல்லாம் மறைக்க முடியாது.

பூந்தோட்டம்_அக்கா:
தம்பி, நாங்களும் இதே மாதிரி 7 சீட்டர்தான் வச்சிருக்கோம், வீட்டு அனுபவத்துல சொல்றேன். ஏசி ஜில்லுனு இருக்குன்னு சொன்னீங்க, நீங்க முன்னாடி சீட்ல இருந்துதானே சொல்றீங்க? பின்னாடி ப்ளோயர் வேலை செய்யுதான்னு மூணாவது வரிசைல போய் உக்காந்து பாருங்க. நாங்க அத பாக்காம வாங்கிட்டு ஒரு சித்திரை மாசம் முழுக்க பசங்க பின்னாடி வெந்து போனாங்க, அப்புறம் டேஷ்போர்ட கழட்டி கூலிங் காயிலே மாத்த வேண்டியதா போச்சு. ஏசி போட்டு வெயில்ல அரை மணி நேரம் நிறுத்தியே வச்சு பாக்கணும்.

இன்னொன்னு, டெஸ்ட் டிரைவ்க்கு தனியா போகாதீங்க. அப்பா அம்மா, பசங்க எல்லாரையும் ஏத்திட்டு ஒரு பாலத்துல ஏறி பாருங்க. ரெண்டு பேரோட ஓட்டுனா எந்த வண்டியும் நல்லாத்தான் ஓடும். ஆறு பேரு உக்காந்தாத்தான் பின்னாடி ஷாக் உக்காருதா, கிளட்ச் வழுக்குதான்னு தெரியும். அம்மா கால வச்சு ஏற முடியுதான்னும் அப்பத்தான் பாக்க முடியும், நீங்க வாங்கறதே அவங்களுக்காகத்தானே.

கொங்கு_ஸ்பேனர்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறுங்க. நாலாவது கியர்ல நாப்பது வேகத்துல இருந்து ஒரேயடியா மிதிங்க, ஆர்பிஎம் முள்ளு ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது.

தம்பி, செம்மண் தண்ணின்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு அதுதான் உறுத்துது. கூலன்ட் ஊத்தாம வெறும் பைப் தண்ணிய ஊத்தி ஓட்டிருக்காங்க. நம்ம ஊர்ல இது சகஜம், ஆனா அலுமினிய ஹெட்டு (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கிற பாகம்), ரேடியேட்டர், வாட்டர் பம்பு எல்லாத்தையும் அது உள்ளயே அரிச்சிரும். காலைல ஆறு மணிக்கு போங்க, முன்னாடி நாள் ராத்திரியில இருந்து ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு ஓனர்கிட்ட சொல்லி வச்சிருங்க. முதல்ல பானெட்டுல கைய வச்சு ஆறியிருக்கான்னு பாருங்க. அப்புறம் ரேடியேட்டர் மூடிய தொறங்க. ஆறுன எஞ்சின்ல மட்டும்தான் தொறக்கணும், சூட்டுல தொறந்தா மூஞ்சி வெந்துரும், மறந்துராதீங்க. மேல எண்ணெய் படலம் இருக்கா, டிப்ஸ்டிக்குலயும் ஆயில் மூடிக்கு அடியிலயும் பால் கலந்த மாதிரி வெள்ளையா இருக்கான்னு பாருங்க. மூடிய திரும்ப போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் ரெண்டு செகண்ட் காத நல்லா வச்சு கேளுங்க, டைமிங் செயின் லூசா இருந்தா கரகரன்னு ஒரு சத்தம் வந்து அடங்கும். ஒரு நிமிசம் கழிச்சு, ரேடியேட்டருக்கு போற மேல் ஹோஸ கையால அமுக்கி பாருங்க. அந்நேரம் எஞ்சின் சூடாயிருக்காது, ஹோஸு மெத்துன்னுதான் இருக்கணும். அது கல்லு மாதிரி இருந்தா எனக்கு சொல்லுங்க.

சூடான பிறகு ஐடில்ல (மிதிக்காம ஓடவிட்டு) ஆயில் மூடிய கழட்டி அதே எடத்துல தலைகீழா வைங்க. லேசா ஆவி வந்தா பரவால்ல, ரயில் எஞ்சின் மாதிரி குப்பு குப்புன்னு ஊதி மூடிய தள்ளுச்சுன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருச்சு.

தாலுகா_ஆபீஸ்_ரோடு:
பேப்பரையும் பாத்துருங்க சார். பரிவாகன்ல (அரசாங்க வெப்சைட்) வண்டி நம்பர் போட்டா எத்தனாவது ஓனர், லோன் இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடியுதுன்னு வந்துரும், இ-சலான் பாக்கியும் பாருங்க. லோன் அடைச்சும் ஆர்சில இன்னும் இருந்தா ஃபார்ம் 35ம் பேங்க் என்ஓசியும் வாங்கணும். பேர் மாத்த ஃபார்ம் 29, 30. 2015 வண்டின்னா ஆர்சி 2030 வரைக்கும்தான், அதுக்கப்புறம் எஃப்சி (வண்டி தகுதி சோதனை) காட்டி அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கணும், அத மனசுல வச்சு விலை பேசுங்க.

மலைக்கோட்டை_77:
இன்னைக்கு காலைல ஆறேகாலுக்கு போயிட்டேன். அவரு தங்கமான மனுஷன், ராத்திரி பூரா வண்டிய தொடவே இல்ல, அவரே டார்ச் புடிச்சாரு. சீட் பெல்ட்டு, ஸ்டெப்னி, மேட்டுக்கு அடி எல்லாம் சுத்தம். ஆயில்ல வெள்ளை இல்ல, செயின் சத்தம் இல்ல, ஆயில் மூடி வச்ச எடத்துலயே நின்னுச்சு. கிளட்ச் விடும்போது எஞ்சின் நல்லா எகிறுது, அப்ப அது மவுன்ட்தான்னு நினைக்கிறேன்.

ஆனா ஹோஸ்ணே. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் கூட ஆகல, பானெட் கம்பி இன்னும் ஜில்லுனு இருக்கு, ஹோஸ அமுக்கறேன், அமுங்கவே மாட்டேங்குது, காத்தடிச்ச சைக்கிள் டயர் மாதிரி இருக்கு. அவரையும் தொட்டு பாக்க சொன்னேன். டப்பால ஒவ்வொரு குமிழியா மேல வந்துட்டே இருக்கு. முள்ளு மட்டும் நடுவுக்கு மேல ஏறவே இல்ல. இது என்னண்ணே?

கொங்கு_ஸ்பேனர்:
ஹெட் கேஸ்கெட்டு போயிருக்குங்க தம்பி, ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு அது. எரியற கேஸு கூலன்ட்டுக்குள்ள கசியுது, அதான் எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடியே பிரஷர் ஏறுது. ஆரம்பத்துல முள்ளு காட்டாது, ஆயில்லயும் தண்ணி கலக்காது. ஊருக்குள்ள ரெண்டு பேரோட சுத்தற வரைக்கும் தெரியாமயே ஓடும். அதே வண்டில ஆறு பேர ஏத்தி ஏசி போட்டு கொடைக்கானல் ஏறுனீங்கன்னா பாதி வழில கொதிச்சு ஹெட்டே வளைஞ்சுரும். விலைய கொறச்சு கொடுத்தாலும் இப்படியே எடுக்காதீங்க. ஒரு டெஸ்ட் இருக்கு, ரேடியேட்டர் வாய்ல நீல கலர் மருந்து ஊத்துன குழாய வச்சு உள்ள இருக்கிற காத்த உறிஞ்சுவாங்க. கேஸ் இருந்தா நீலம் பச்சையாவோ மஞ்சளாவோ மாறிடும், நம்ம கண்ணு முன்னாடியே தெரியும்.

மலைக்கோட்டை_77:
பண்ணியாச்சுண்ணே, மத்தியானமே அவரே கூட்டிட்டு போனாரு. அரை நிமிஷத்துல மஞ்சளாயிடுச்சு. மனுஷன் அப்படியே உக்காந்துட்டாரு, மாசம் ஒரு தடவ மெக்கானிக் தண்ணி ஊத்துவாரு, நான் அது சாதாரணம்னு நெனச்சேன்னு சொன்னாரு. அவரு மேல எனக்கு கோவமே வரல. நானே சரி பண்ணி தர்றேன், அப்புறம் புடிச்சா எடுங்கன்னு சொல்றாரு. ஒத்துக்கலாமா?

கொங்கு_ஸ்பேனர்:
ஒத்துக்கலாங்க, ஆனா கேஸ்கெட்ட மட்டும் மாத்தி மூடிட்டா பத்தாது. ஹெட்ட லேத்துக்கு அனுப்பி பிரஷர் டெஸ்ட் பண்ணி வெடிப்பு இருக்கான்னு பாக்கணும், ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சு வளைவு பாத்து தேவைன்னா ஸ்கிம்மிங் (பரப்ப சமமா சீவறது) அடிக்கணும். ஹெட் போல்ட்டு புதுசு, வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் சுத்தம் எல்லாம் ஒரே தடவைல. அட்வான்ஸ் ஒரு ரூபா கொடுக்காதீங்க. ஹெட் கழட்டும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க, பழைய கேஸ்கெட்ட கேட்டு வாங்கி பாருங்க, எந்த சிலிண்டர் ஓரத்துல கருப்பா எரிஞ்சிருக்குன்னு தெரியும், அத ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க.

மலைக்கோட்டை_77:
சரிண்ணே. வியாழக்கிழமை ஹெட் எறக்கறாங்க, அரை நாள் லீவு சொல்லிட்டேன். அம்மாவையும் ஒரு தடவ ஏறி உக்கார வச்சு பாத்தேன் அக்கா, நடு சீட்டுல கைப்புடிய புடிச்சு தானே ஏறிட்டாங்க. ஃபோட்டோ எடுத்துட்டு வர்றேன்.