முதல் வெளிநாட்டு மையம் குன்னூரிலா, கோவையிலா, போலந்திலா?

கட்டபெட்டு மகன்:
ஸ்டுட்கார்ட்டில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். தொழிற்சாலை இயந்திரங்களைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்கிறோம். ஜெர்மனிக்கு வெளியே முதல்முறையாக டெவலப்மென்ட் சென்டர் திறக்கப் போகிறார்கள், முதலில் 12 பேர், போகப் போக 40 பேர். பட்டியலில் இப்போது இருப்பவை போலந்தின் கிராகோவ், அப்புறம் கோவை. குன்னூரையும் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன். பெங்களூரிலும் சென்னையிலும் நல்ல அனுபவத்தோடு இருக்கும் நம் நீலகிரி மலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஊரிலேயே ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று காத்திருக்கிறார்கள்! அப்படி வருகிறவர்கள் ஆறு மாதத்தில் அடுத்த கம்பெனிக்குத் தாவ மாட்டார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ மென்பொருள் கம்பெனி அலுவலகம் திறந்து செய்து காட்டவில்லையா? மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

சரவணம்பட்டி ஊட்டிக்காரன்:
மறுப்பு இருக்கிறது தம்பி. ஜோஹோ தொடங்கியது 1996-இல், மத்தளம்பாறைக்குப் போனது 2011-இல், அதாவது சென்னையில் நன்றாக வேர் விட்ட பிறகு. அங்கே ஒரு டீமில் ஆள் குறைந்தால் சென்னையிலிருந்து கை கொடுக்கலாம். உங்களுக்கு இதுதான் முதல் மையம், இந்தியாவில் கை கொடுக்க வேறு யாரும் கிடையாது. 12 பேரில் இரண்டு பேர் சீனியராக இருப்பார்கள், அதில் ஒருவர் பேப்பர் போட்டால் குன்னூரில் அடுத்த ஆளை எங்கே போய்த் தேடுவீர்கள்? கோவையில் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. என்று பொறியியல் கல்லூரிகளிலிருந்து வருடா வருடம் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், பாஷ், காக்னிசண்ட் மாதிரி இடங்களில் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார்கள். ஊர்ப்பாசம் எனக்கும் உண்டு, ஆனால் ஆள் எடுப்பதற்கு அது உதவாது.

கோத்தகிரி அக்கா:
வருடா வருடம் வெளியே வருகிறார்கள் என்பது சரிதான், வருடா வருடம் கம்பெனி மாறுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் ஒரு ஆஃபரைக் காட்டி இன்னொரு ஆஃபர் வாங்கி, சேர வேண்டிய நாளில் போனையே எடுக்காதவர்களைப் பார்த்து ஓய்ந்துபோனவள் நான். பெயர் தெரியாத ஜெர்மன் கம்பெனிக்கு அங்கே யார் நிலைப்பார்கள்? நான் 2020 முதல் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். எங்கள் ஊரிலேயே என்னை மாதிரி சிலர் இருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காமல் கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள், அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. அவர்களைச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டி யாரும் இழுத்துவிட முடியாது.

அருவங்காடு சிவில்:
ஆள் விஷயம் எனக்குத் தெரியாது, கட்டடமும் சாலையும் தெரியும். மலையிட விதிகளில் கட்டட உயரத்துக்குக் கடுமையான வரம்பு உண்டு, கோவை மாதிரி ஐந்தாவது மாடி முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல இங்கே வழியில்லை. 12 பேருக்குப் பழைய பங்களா ஒன்றை வாடகைக்குப் பிடிக்கலாம், 40 பேர் ஆனதும் என்ன செய்வீர்கள்?

அடுத்து மழை. 2009 நவம்பர் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் அறுந்து கிடந்தன. 2019 ஆகஸ்டில் ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. சாலை ஓரமாகப் புதைத்த ஃபைபர் கேபிள் சாலையோடு சேர்ந்து போகும். இரண்டு கம்பெனியிடம் இணைப்பு வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், இரண்டுமே மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் பர்லியாறு வழியாக மேலே ஏறினால் அது ஒரே இணைப்புதான். ஒன்று பர்லியாறு வழி, இன்னொன்று கோத்தகிரி வழி என்று பாதை வரைபடத்தோடு எழுதி வாங்குங்கள், அதைக் கொடுக்க முடியாது என்றால் குன்னூர்ப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

கட்டபெட்டு மகன்:
இரண்டு பாதை விஷயத்தை அப்படியே குறித்துக்கொண்டேன், நன்றி. ஆனால் வசதி வந்த பிறகுதான் கம்பெனி வர வேண்டும் என்றால் எந்த ஊரும் தொடங்கியிருக்காது. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி 1985-இல் பெங்களூருக்கு வந்தபோது வெளிநாட்டோடு பேச ஒழுங்கான டேட்டா லைன் கிடையாது, சாட்டிலைட் டிஷ் வைத்துத்தான் வேலை செய்தார்கள். நம் மலையும் தொழில் தெரியாத மலை கிடையாது. அருவங்காட்டு வெடிமருந்து ஆலையும் கேத்தி ஊசித் தொழிற்சாலையும் எத்தனை தலைமுறைக்குக் கை நுணுக்கம் கற்றுக்கொடுத்தன!

சரவணம்பட்டி ஊட்டிக்காரன்:
அந்த வரிசையில் ஹெச்.பி.எஃப்.பை, அதாவது ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸை, ஏன் விட்டீர்கள்? 1960-இல் தொடங்கிய கம்பெனி, ஃபிலிம் தயாரிக்கத் தூசி இல்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஊட்டி இந்துநகருக்கு வந்தது. மலைக்கு அதைவிடப் பொருத்தமான ஆலை எது? ஃபிலிமுக்குக் காலம் முடிந்ததும் ஆலை படுத்தது, அதே வேலைக்கு மலையில் இன்னொரு முதலாளி இல்லை, குடும்பங்கள் கீழே இறங்கின. பெங்களூர்க் கதையிலும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். டெக்சாஸ் வரும் முன்பே ஹெச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்ற அரசுத் தொழிற்சாலைகள், இந்திய அறிவியல் கழகம் எல்லாம் அங்கே இருந்தன. டிஷ்ஷைத்தான் அவர்கள் கொண்டுவந்தார்கள், இன்ஜினியர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். நான் கம்பெனிக்காக மட்டும் பேசவில்லை. பெங்களூரை விட்டு வீட்டுக் கடனோடு குன்னூருக்கு வந்து சேரும் பையன், ஸ்டுட்கார்ட்டில் யாரோ மையத்தை மூடச் சொன்னால் என்ன செய்வான்?

கிராகோவ் கூடலூரான்:
போலந்தை யாருமே பேசவில்லையே. ஜெர்மனிக்கும் இங்கேயும் ஒரே கடிகாரம், விசா தொல்லை இல்லை. உங்கள் வாடிக்கையாளரின் இயந்திரத் தரவில் தொழிலாளர் பெயர் இருந்தால் ஜி.டி.பி.ஆர்., அதாவது ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொருந்தும். போலந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பதால் தரவை ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் பேச்சே எழாது. தரவுப் பாதுகாப்பு போதுமான நாடு என்ற தகுதி முடிவை இந்தியாவுக்கு ஐரோப்பிய ஆணையம் தரவில்லை, அதனால் தரவு கைமாறுவதற்கென்றே உள்ள நிலையான ஒப்பந்த விதிகளில் கையெழுத்துப் போட்டு, அதன்படி நடப்பதைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் இங்கே அதிகம், பெரிய கம்பெனிகளோடு போட்டியும் அதிகம், அதை மறைக்கவில்லை.

கோத்தகிரி அக்கா:
ஒப்பந்தத்தைக் கோவைக்கும் போட்டுத்தானே ஆக வேண்டும், அது குன்னூருக்கு மட்டும் வரும் குறை இல்லையே. கட்டபெட்டுத் தம்பி, ஒன்று நேராகக் கேட்கிறேன். மையத்துக்குத் தலைமை யார்? இங்கே கம்பெனி பதிவு செய்தால் ஒரு இயக்குநராவது இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். ஊர் எது என்பதைவிட அந்த ஆள் யார் என்பதுதான் முதல் இரண்டு வருடத்தைத் தீர்மானிக்கும்.

கட்டபெட்டு மகன்:
நான்தான் அக்கா. குன்னூர் என்றால் குடும்பத்தோடு திரும்பி வருவேன். கோவை என்றால் வர மாட்டேன்.

சரவணம்பட்டி ஊட்டிக்காரன்:
இதை உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள் தம்பி. எழுதாமல் விட்டு நாளைக்கு நிர்வாகத்துக்குத் தெரியவந்தால் குன்னூருக்காக நீங்கள் சொன்ன நல்ல காரணங்கள்கூடச் சொந்த ஆசையாகத்தான் தெரியும். எழுதினால் அதுவே உங்கள் பலம், பொறுப்பெடுக்க ஆள் தயார் என்று அர்த்தம். அப்போதும் நான் கோவைதான் என்பேன். இன்னொன்று, அவர்களை மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு அழைத்து வராதீர்கள். நவம்பர் மழையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற்றுங்கள்.

கட்டபெட்டு மகன்:
எழுதுகிறேன். நவம்பரிலேயே வரச் சொல்கிறேன். குன்னூரை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன்.

கோத்தகிரி அக்கா:
அப்படியானால் வண்டிச் செலவையும் கணக்கில் சேர்த்துவிடு. குளிர்காலத்தில் ஜெர்மனி நாலரை மணி நேரம் பின்னால். அவர்களுக்கு மதியம் மூன்று மணி மீட்டிங் என்றால் நமக்கு ஏழரை, முடித்து வெளியே வரும்போது கிராமத்துக்கு பஸ் இருக்காது, காட்டெருமை நிற்கும் பாதையில் எந்தப் பெண்ணையும் நடந்து போகச் சொல்ல முடியாது. வீட்டு வாசல் வரை கம்பெனி வண்டி, இல்லாவிட்டால் மாலை ஐந்தரைக்கு மேல் மீட்டிங் கிடையாது. இரண்டில் ஒன்றை இப்போதே எழுதி வாங்கு. இல்லையென்றால் நீ நம்பியிருக்கிற ஆட்களில் பாதிப் பேரை, அதாவது பெண்களை, வீட்டில் அனுப்பவே மாட்டார்கள்.