தண்ணி மாத்தினா அக்ரோபோரா பவளத்தோட நுனி வெளுக்குது, என்ன காரணம்?

ஈசூன்_ரீஃப்:
வணக்கம். 3 அடி கடல் தொட்டி, சம்ப்போட (கீழ இருக்கிற வடிகட்டித் தொட்டி) சேர்த்து 200 லிட்டர் வரும். பவளம்னா ஹாமர், சோவாந்திட் (சோவா), ரெண்டு சின்ன அக்ரோபோரா இருக்கு. சில்லர் (தண்ணியக் குளிராக்குற மெஷின்) 26 டிகிரில ஓடுது. மாசக் கடைசில 50 லிட்டர் மாத்துவேன். மாத்தினதும் ஹாமர் சுருங்கி, மறுநாள்தான் விரியும். இப்ப அக்ரோபோரா நுனி வேற வெளுக்குது. ஆர்ஓ/டிஐ (வடிகட்டிச் சுத்தமாக்கின) தண்ணிலதான் உப்பு கலக்குறேன், உப்பளவு தொட்டி, வாளி ரெண்டுலயும் ஆயிரத்துக்கு 35. வேற என்ன பாக்கணும்?

சோவா_பிரியன்:
சோவா ஒரு மணி நேரம் மூடிக்கிறதெல்லாம் சகஜம், கைய விட்டாலே மூடும். ஆனா 50 லிட்டர் ஜாஸ்தி பாஸ்.

உப்புத்தண்ணி:
உப்பு சொன்னீங்க, சூடு சொன்னீங்க. கேஎச் (அல்கலினிட்டி, தண்ணில இருக்கிற கார்பனேட் அளவு) எங்க? வாளித் தண்ணிக்கும் தொட்டித் தண்ணிக்கும் தனித்தனியா டெஸ்ட் பண்ணிட்டு வாங்க.

ஈசூன்_ரீஃப்:
தொட்டி 7.5. வாளி 12! "பவளத்துக்கு ஸ்பெஷல்"னு போட்ட உப்பு அண்ணே.

உப்புத்தண்ணி:
அந்த மாதிரி உப்புல அல்கலினிட்டிய வேணும்னே கூட்டி வச்சிருப்பாங்க. வேகமா வளர்ற தொட்டிக்குச் சரி, உங்களுதுக்கு இல்ல. கணக்கு பாருங்க: 200-ல 50 மாத்தினா 7.5 ஒரே மூச்சுல 8.6 ஆகுது. அக்ரோபோராவுக்கு 7.5-ம் பிடிக்கும், 8.6-ம் பிடிக்கும், அரை மணி நேரத்துல இங்கேருந்து அங்க தாவுறதுதான் ஆகாது. நைட்ரேட், பாஸ்பேட் பூஜ்யத்த ஒட்டி இருந்தா நுனி இன்னும் சீக்கிரம் போகும். அதையும் பாத்துடுங்க.

வாரம் 20 லிட்டர் மாத்துங்க, அதே உப்புன்னாலும் ஏத்தம் 0.5-க்குள்ள நிக்கும். இந்த டப்பா தீர்ந்ததும் 8 பக்கம் கலக்குற உப்பு வாங்குங்க. கடல்லயே 7 பக்கம்தான்.

அப்புறம் சூடு. வாளில ஹீட்டர் போடச் சொல்ற வீடியோவெல்லாம் குளிர் தேசத்துக்காரனுக்கு. சிங்கப்பூர் பாத்ரூம்ல பவர்ஹெட் (தண்ணியச் சுழற்றுற சின்ன பம்ப்) போட்டுக் கலக்கினா வாளி 30-ஐத் தொடும், உங்க தொட்டியோ 26. ராத்திரி ஏசி ரூம்ல வச்சுக் கலக்குங்க. தண்ணில உப்பப் போடணும், உப்பு மேல தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்தினா கால்சியம் சுண்ணாம்பாப் படிஞ்சு வாளி பால் மாதிரி ஆயிடும்.

சம்ப்ல இருந்து தண்ணிய மேல அனுப்புற ரிட்டர்ன் பம்ப நிறுத்தி, சம்ப்ல இருந்தே எடுத்து சம்ப்லயே ஊத்துங்க. பவளத்துக்கு விஷயமே தெரியாது. அதுக்கு முன்னாடி ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியான தண்ணிய ஈடுகட்டுற மெஷின்) பிளக்கப் பிடுங்கிடுங்க, இல்லன்னா நீங்க எடுக்க எடுக்க அது நல்ல தண்ணிய நிரப்பிக்கிட்டே இருக்கும். உப்பளவு இறங்கினதுக்குக் காரணம் தெரியாம முழிப்பீங்க.

தொட்டிமாமா:
நான் தண்ணியே மாத்துறதில்ல. கேஎச், கால்சியம், மெக்னீசியம் டோசிங் (அளந்து ஊத்துறது) மட்டும். எல்லாம் ஜோரா இருக்கு.

உப்புத்தண்ணி:
மாமா, நீங்க தவறாம லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்றீங்க, உங்களுக்குச் செல்லும். புதுசா வச்சவருக்கு வாளிதான் சுலபம்.

சோவா_பிரியன்:
ஒரு டவுட்டு. பியூபி (சிங்கப்பூர் தண்ணி வாரியம்) குழாய்த் தண்ணில குளோரமின் (கிருமிநாசினி) இருக்கே, ஆர்ஓ/டிஐ போதுமா?

உப்புத்தண்ணி:
அதுல இருக்கிற கார்பன் ஃபில்டர் நல்லா இருந்தா போதும். கார்பன் குளோரமினை உடைச்சதும் அம்மோனியா மிஞ்சும், அத டிஐ ரெசின்தான் பிடிக்கணும். டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற பொருள் அளவு) 0-ல இருந்து நகர ஆரம்பிச்சா ரெசின மாத்துங்க. கார்பன் செத்தா டிடிஎஸ் மீட்டர் காட்டாது, அதனால அதுக்கு டோட்டல் குளோரின் கிட் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

ஈசூன்_ரீஃப்:
நன்றி அண்ணே. ஏசி ரூம்ல வாளி வச்சா வீட்டுல திட்டுவாங்க. ஐஸ்கட்டி போடலாமா?

உப்புத்தண்ணி:
நேரா போடாதீங்க, உப்பு இறங்கிடும். தண்ணி பாட்டில ஃப்ரீசர்ல உறைய வச்சு, மூடியோட வாளில மிதக்க விடுங்க. 26 வந்ததும் எடுத்துடுங்க.